பனி வரப்பின் உயரம் எங்கிருந்து தொடங்குகிறது?

கடல்மேல் உறையும் பனி ஒரே பாளமாக நிற்பதில்லை. காற்றும் நீரோட்டமும் தள்ளத் தள்ள, பாளங்கள் மோதி நெரிந்து உடைகின்றன. உடைந்த கட்டிகள் மோதிய கோட்டின் நெடுக மேலும் கீழுமாகக் குவிகின்றன. இதுவே அழுத்த வரப்பு. கப்பலின் உறுப்புகளை ஒப்பிட்டு, நீருக்கு மேலே நிற்பதைப் ‘பாய்’ என்றும் நீருக்கடியில் தொங்குவதைக் ‘கீல்’ என்றும் சொல்வார்கள். பாய் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் உயரம்தான். அதே ஆண்டில் உருவான வரப்பில் கீல் அதைப்போலச் சராசரியாக நான்கு மடங்குக்கும் மேல் ஆழம். கப்பலை நிறுத்துவதும், ஆழம் குறைந்த கடலில் தரையை உழுது குழாய்களை நசுக்குவதும் கீல். காற்று பிடித்துத் தள்ளுவது பாயை. ஆகவே பனியின் ஓட்டத்தைக் கணிப்பவர்களுக்கும் கப்பல் வழி பார்ப்பவர்களுக்கும் இந்த இரண்டு எண்களும் வேண்டும்.

விமானத்தில் பொருத்திய கேமராவுக்குக் கீல் தெரியவே தெரியாது. பாயும் நேர் மேலிருந்து பார்க்கும்போது ஒரு கோடு மட்டுமே. நிழலின் நீளத்திலிருந்தோ, அடுத்தடுத்த படங்களின் பார்வை வேறுபாட்டிலிருந்தோ உயரத்தைக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். இதில் பிக்சல் பிழையைப் பற்றி எல்லோரும் நிறையப் பேசுகிறோம். ஆனால் முடிவைப் பெரிதாகப் புரட்டிப்போடுவது வேறு ஒன்று: உயரத்தை எந்தத் தளத்திலிருந்து எண்ணுகிறோம், கேமராவின் நடுப்புள்ளிக்கு எந்தப் பக்கம் நின்று எண்ணுகிறோம் என்பது.

படம் எடுப்பதில் கவனிக்க வேண்டியவை

கணக்குக்கு ஒரு நல்ல மாதிரி, நாசாவின் ஆபரேஷன் ஐஸ்பிரிட்ஜ். பனியின் உயரத்தை லேசரால் அளந்த முதல் ஐஸ்சாட் செயற்கைக்கோள் 2009இல் நின்றுபோனதற்கும் ஐஸ்சாட்-2 2018இல் ஏவப்பட்டதற்கும் இடையிலான வெற்றிடத்தை நிரப்ப வந்த விமான அளவீட்டுத் திட்டம் அது. 2019 வரை பறந்தது. விமானம் கடற்பனிக்கு மேல் சுமார் 460 மீட்டர் உயரத்தில் போகும். அடியில் 21 மெகாபிக்சல் கேமரா, 28 மி.மீ. லென்ஸ், கூடவே லைடார், அதாவது லேசரால் தூரம் அளக்கும் கருவி. அந்த லென்ஸும் முழுச்சட்ட சென்சாரும் சேர்ந்தால் ஒரு பிக்சல் தரையில் ஏறக்குறைய 10.5 செ.மீ.; ஒரு படம் 590 மீட்டர் அகலம், 390 மீட்டர் நீளம்.

விமானத்தின் வேகம் 250 நாட், அதாவது நொடிக்கு 128 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் விமானம் 12.8 செ.மீ. நகர்ந்துவிடுகிறது, ஒரு பிக்சலுக்கு மேல் கலங்கல். இரண்டாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருப்பது நல்லது. வெயிலடிக்கும் பனியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் அது சுலபம். சிக்கல் மறுபக்கத்தில்: பாளத்தின்மேல் பொழிந்து கிடக்கும் வெண்பனி வெளுத்துப்போய் விவரமே இல்லாமல் ஆகிவிடும். அதிக வெளிச்சம் பட்ட பக்கம் சென்சாரின் உச்சத்தைத் தொடாதபடி எக்ஸ்போஷரைக் கையால் பூட்டி, ரா கோப்பாக, அதாவது சென்சார் தந்த மூலத் தரவாகவே, சேமிக்க வேண்டும். தானியங்கி எக்ஸ்போஷரை நம்பினால், கருநீர்ப் பிளவு ஒன்று சட்டத்துக்குள் வந்ததும் மீதிப் பனி முழுக்க வெளுத்துவிடும்.

குவியத்தை ‘முடிவிலி’க் குறியில் வைத்து ஒட்டிவிட்டால் போதும் என்பது வெப்ப நாட்டுப் பழக்கம். குளிரில் லென்ஸ் சுருங்கி அந்தப் புள்ளி இடம் மாறும். குளிர்ந்த கேமராவிலேயே சோதனைப் படம் எடுத்துப் பார்த்துக் குவியத்தைப் பூட்ட வேண்டும்.

கடிகாரம் இன்னொரு பொறி. ஜிபிஎஸ் நேரமும் உலகப் பொது நேரமும் 2017 முதல் 18 நொடி வேறுபடுகின்றன. சூரியனின் கோணத்துக்கு இந்த 18 நொடி ஒன்றுமே இல்லை. ஆனால் படத்தை லைடார் கோட்டின்மேல் பொருத்தும்போது 18 நொடி என்பது 2.3 கிலோமீட்டர். வரப்பும் பொருந்தாது, எதுவும் பொருந்தாது. ஆனாலும் ஏதோ ஒரு வரப்பு பக்கத்தில் இருக்கும் என்பதால் பொருந்திவிட்டது போலவே ஒரு மயக்கம் வரும்.

விமானத்தின் உயரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜிபிஎஸ் தருவது நீள்வட்டக் கோளத்துக்கு, அதாவது பூமிக்குப் பதிலாகக் கணக்கில் வைக்கும் வழவழப்பான உருவத்துக்கு, மேலான உயரம். கடல் மட்டம் அந்தக் கோளத்திலிருந்து சில இடங்களில் 20 மீட்டருக்கு மேல் விலகி நிற்கிறது. 460இல் 20 மீட்டர் பிழை என்றால் படத்தின் அளவுகோலே 4 சதவீதம் தப்பு. எல்லா வரப்புகளும் ஒரே திசையில் 4 சதவீதம் தப்பு. இப்படிப்பட்ட பிழை எத்தனை வரப்புகளை அளந்தாலும் சராசரியில் கரைவதில்லை. லைடார் இருந்தால் அது தரும் நேரடித் தூரத்தைப் பயன்படுத்துங்கள்.

நிழல்

அடிப்படைக் கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: உயரம் = நிழலின் நீளம் × சூரிய உயரக் கோணத்தின் டான் மதிப்பு. சூரியன் 10 பாகையில் இருந்தால் 1 மீட்டர் பாய் 5.7 மீட்டர் நிழல் போடும், 10.5 செ.மீ. பிக்சலில் 54 பிக்சல். 25 பாகையில் 20 பிக்சல். 40 பாகையில் வெறும் 11. ஒரு பிக்சல் தவறாகக் குறித்தால் 10 பாகையில் உயரத்தில் 2 செ.மீ. கூடப் பிசகாது, 40 பாகையில் 9 செ.மீ. பிசகும்.

அப்படியானால் சூரியன் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லதா? இல்லை. சூரியன் புள்ளி அல்ல. அரைப் பாகை அகலமுள்ள வட்டு. அதனால் நிழலின் முனை கூர்மையாக முடியாமல் தேய்ந்து முடிகிறது. 10 பாகையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு 30 செ.மீ. தேய்வு, 5 பாகையில் 1.2 மீட்டர். முனையைக் கண்ணால் குத்துமதிப்பாகக் குறித்தால் ஆளுக்கு ஒரு எண் வரும். வெயில் பட்ட பனியின் வெளிச்சத்துக்கும் முழு நிழலின் வெளிச்சத்துக்கும் நடுவே சரிபாதி மதிப்பு எங்கு வருகிறதோ அதையே முனையாகக் கொள்ளுங்கள். அது வட்டின் மையத்துக்கு உரிய இடம். மையத்தின் கோணத்தைத்தான் சூரிய நிலைக் கணிப்பு நிரல்களும் தருகின்றன.

அந்த நிரல்களில் காற்றுமண்டல ஒளிவிலகல் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 10 பாகையில் அதை விட்டுவிட்டால் உயரம் ஏறத்தாழ 1 சதவீதம் குறையும், பரவாயில்லை. 5 பாகையில் 3 சதவீதம் குறையும். சூரியன் இன்னும் கீழே போகப் போகப் பிழை விரைவாக ஏறும்.

மேல்வரம்பும் உண்டு. பாயின் சரிவு வழக்கமாக 20 பாகையை ஒட்டி இருக்கும். சூரியன் அந்தச் சரிவைவிட உயரமாகப் போய்விட்டால் வரப்பின் மறுபக்கமும் வெளிச்சத்தில் நனையும். தனித்தனிக் கட்டிகள் மட்டுமே நிழல் தரும். ஆகவே வசதியான வரம்பு ஏறக்குறைய 6 முதல் 18 பாகை வரை. 80 பாகை வட அட்சத்தில் மார்ச் சமநாளன்று உச்சிவேளையில் சூரியன் 10 பாகையில் இருக்கும். ஏப்ரல் கடைசியில் 23ஐத் தாண்டிவிடும். வசந்தகாலப் பறப்புகள் மார்ச், ஏப்ரலில் அமைவதில் வெளிச்சத்தின் இந்தக் கணக்கும் நமக்குச் சாதகமாக விழுகிறது. மேகமூட்டம் இருந்தால் நிழல் முறைக்கு அன்று வேலையே இல்லை.

நிழலைக் கணினியால் பிரித்தெடுக்கும்போது சிவப்பு அலைவரிசையை மட்டும் எடுங்கள். நிழலுக்குள் விழுவது வானத்தின் நீல வெளிச்சம்; எனவே சிவப்பில்தான் நிழல் மிகக் கருமையாகத் தெரியும். கருமையாக இருப்பதெல்லாம் நிழல் அல்ல என்பதுதான் அடுத்த தொல்லை. திறந்த நீர்ப் பிளவும், புதிதாக உறைந்த மெல்லிய கரும்பனியும் அதே வெளிச்ச அளவுக்குள் வந்து விழும். வரப்பு நிழலுக்கு ஒரு துணை அடையாளம் உண்டு: சூரியன் இருக்கும் பக்கம் அதை ஒட்டியே சுற்றியுள்ள பனியைவிடப் பளிச்சென்ற ஒரு பட்டை இருக்கும். அந்தப் பட்டை இல்லாத கருமையை ஒதுக்கிவிடலாம். வெளிச்சத்துக்கு ஒரே வரையறையைப் படம் முழுக்கப் போடுவதும் கூடாது. ஓரங்கள் லென்ஸாலேயே கறுத்திருக்கும்.

நீளத்தைச் சூரியத் திசைக்கோட்டின் வழியே அளக்க வேண்டும். வரப்புக்குச் செங்குத்தாக அளப்பது மிகப் பரவலான தவறு. வரப்புக்குச் செங்குத்தான கோட்டுக்கும் சூரியத் திசைக்கும் 40 பாகை இடைவெளி இருந்தால், செங்குத்தாக அளந்தவருக்கு உயரம் 23 சதவீதம் குறைவாகக் கிடைக்கும். சூரியனை நோக்கியே நீளும் வரப்புக்கோ நிழலே விழாது. அது கணக்கிலிருந்து காணாமல் போகும். ஒரே பகுதியில் சூரியத் திசை மாறியபின் இன்னொரு முறை பறந்தால் ஓரளவு மீட்கலாம். இல்லையென்றால் வரப்புகளின் எண்ணிக்கையை நிழலிலிருந்து எடுக்காமல் வேறு வழியில் எடுப்பதே நேர்மை.

துருவ வரைபடத்தில் ‘மேலே வடக்கு’ என்பது பொய் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீழல் என்பது உருண்டைப் பூமியைத் தட்டையான வரைபடமாக்கும் முறை. இபிஎஸ்ஜி 3413 என்ற குறியெண் கொண்ட வடதுருவ வீழல் முறையில் −45 பாகைத் தீர்க்கத்தில் (மேற்கே 45) மட்டுமே படத்தின் மேல்திசை உண்மை வடக்கு. மற்ற இடங்களில், நிரல் தரும் திசைக்கோணத்திலிருந்து அந்த இடத்தின் தீர்க்கத்துக்கும் −45க்கும் உள்ள வேறுபாட்டைக் கழிக்க வேண்டும். பியூஃபோர்ட் கடலில் −150 பாகையில் இது 105 பாகைத் திருத்தம். தென்துருவத்துக்கான 3031இல் மையத் தீர்க்கம் சுழியம்; அங்கே கழிப்பதற்குப் பதில் கூட்ட வேண்டும். சரியாகச் செய்தோமா என்று பார்க்கத் தனிக் கருவி வேண்டாம்: கணக்கிட்ட திசைக்கோட்டைப் படத்தின்மேல் வரைந்து, தனியாக நிற்கும் கட்டியின் நிழலோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஓரிரு பாகைக்கு மேல் விலகினால் திருத்தமோ, விமானத்தின் திசைப் பதிவோ தவறு.

அதே வீழல் முறையில் நீளமும் சுருங்குகிறது. 3413இல் அளவு சரியாக இருப்பது 70 பாகை அட்சத்தில். 80 பாகையில் வரைபட நீளம் உண்மையில் 97.7 சதவீதம், துருவத்தில் 97.

ஒரு வரப்பை எடுத்துக் கணக்குப் போடுவோம். 80 பாகை அட்சம், சூரியன் 14 பாகை, வீழல் செய்த படத்தில் நிழல் 68 பிக்சல். பிக்சல் 10.5 செ.மீ. என்றால் 7.14 மீட்டர், சுருக்கத்தைத் திருத்தினால் 7.31. டான் 14 என்பது 0.2493. உயரம் 1.82 மீட்டர். இங்கேயே நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம்.

அந்த வரப்பு படத்தின் நடுப்புள்ளியிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைப்போம். கேமரா சாய்வாகப் பார்ப்பதால் உச்சி, படத்தில் வெளிப்பக்கமாக நகர்ந்து தெரியும். நகர்வு = தூரம் × வரப்பின் உயரம் ÷ விமானத்தின் உயரம். நிழலின் முனையோ சமதளத்தில் இருப்பதால் நகராது. நிழல் நடுப்புள்ளியை விட்டு வெளியே நீண்டால் அதன் நீளம் குறைந்து தெரியும். உள்ளே நீண்டால் கூடித் தெரியும். திருத்திப் பார்த்தால், வெளியே நீளும் நிழலுக்கு உண்மை உயரம் 2.04 மீட்டர், உள்ளே நீள்வதற்கு 1.64 மீட்டர். அதே 68 பிக்சல், 40 செ.மீ. வித்தியாசம்! புவியிடம் பொருத்தப்பட்ட கோப்பு என்பதால் இது தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். தட்டையான தளத்தை வைத்துச் சீர்செய்த படத்தில் வரப்பின் சாய்வு அப்படியேதான் இருக்கும். திருத்தம் செய்ய மனமில்லாவிட்டால் நடுவில் 60 மீட்டர் ஆரத்துக்குள் இருப்பதை மட்டும் அளந்துவிட்டு மீதியை விடுங்கள். படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது அது பெரிய நட்டமில்லை.

இரட்டைப் படங்கள்

ஒன்றன்மேல் ஒன்று படியும் படங்களிலிருந்து முப்பரிமாணத் தளம் எடுக்கும் முறை மேகமூட்டத்திலும் வேலை செய்யும் என்பார்கள். உண்மைதான், பாதி உண்மை. நிழலே இல்லாத வெளிச்சத்தில் புதுப் பனி விழுந்த சமதளம் ஒரே வெள்ளை. பொருத்திப் பார்க்க ஒரு புள்ளியும் கிடைக்காமல் நிரல் அங்கே கற்பனையான மேடுபள்ளங்களை வரைந்து தரும். வரப்பின் கட்டிகளில் அடையாளம் நிறைய இருப்பதால் உச்சி நன்றாக வரும், அதைச் சுற்றிய தளம் கெட்டுப்போகும். உயரம் என்பது இரண்டின் வித்தியாசம் அல்லவா?

படிவு, அதாவது ஒரு படம் அடுத்ததன்மேல் படியும் பங்கு, அதிகமானால் துல்லியம் அதிகம் என்ற எண்ணமும் அரைகுறை. 60 சதவீதப் படிவில் அடுத்தடுத்த இரு படங்களுக்கு இடையே 158 மீட்டர். 128 மீட்டர் வேகத்தில் 1.2 நொடிக்கு ஒரு படம். அரைப் பிக்சல் பொருத்தப் பிழைக்கு உயரப் பிழை 15 செ.மீ. 80 சதவீதத்தில் இடைவெளி பாதியாகி, அதே பிழை 30 செ.மீ. ஆகிறது. அதிகப் படிவு பொருத்தத்துக்கு உதவும், உயரத்துக்கு உதவாது. 80இல் எடுத்து, கணக்கில் ஒன்றுவிட்ட படங்களையும் இணைகளாகச் சேர்ப்பதே வழி.

நிலத்தில் இல்லாத இன்னொரு சங்கடம், தரையே நகர்வது. பனியின் ஓட்டம் காற்றின் வேகத்தில் சுமார் 2 சதவீதம், வட கோளத்தில் காற்றுத் திசைக்குச் சற்று வலப்புறமாக. நார்வே ஆய்வாளர் நான்சன் 1893–96இல் ஃப்ராம் கப்பல் பயணத்தில் கவனித்தது இதுவே. நொடிக்கு 10 மீட்டர் காற்றில் பனி 20 செ.மீ. நகரும். ஒரே பறப்புக் கோட்டுக்குள் இது பொருட்டில்லை. பக்கத்துக் கோட்டுக்கு ஐந்து நிமிடம் கழித்து வந்தால் 60 மீட்டர். கேமராவின் ஜிபிஎஸ் இடங்களை அப்படியே நிரலுக்குக் கொடுத்தால், அது நகர்வைச் சமாளிக்கத் தளத்தை வளைக்கும். பனியிலேயே குறைந்தது இரண்டு ஜிபிஎஸ் ஏற்பிகளை வைத்து, ஒவ்வொரு படத்தின் இடத்தையும் பனியோடு நகரும் ஆய அச்சுகளுக்கு மாற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒரு ஏற்பி பாளம் சுழல்வதைச் சொல்லாது, அதனால்தான் இரண்டு. ஏற்பி வைக்க ஆளில்லாத இடத்தில் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனித் தளமாகச் செய்து நிறுத்திக்கொள்வது நல்லது.

எதை வரப்பு என்று எண்ணுவது

படத்தில் மேடாக இருப்பதெல்லாம் வரப்பல்ல. காற்று செதுக்கிய வெண்பனி அலைகளே 20, 30 செ.மீ. நிற்கும். அதனால் ஒரு குறைந்தபட்ச உயரம் வைக்கிறார்கள், 0.6 மீட்டரும் 0.8 மீட்டரும் வழக்கில் அதிகம். அடுத்தடுத்த இரண்டு உச்சிகளைத் தனித்தனியாக எண்ண ரேலே விதி: உச்சியின் உயரம், இருபக்கத் தாழ்வுகளின் உயரத்தைப்போலக் குறைந்தது இரு மடங்கு இருக்க வேண்டும். இரண்டு உயரங்களும் சமதளப் பனியிலிருந்து எண்ணப்படுபவை. சமதளத்தை 20 செ.மீ. தவறாக வைத்தால் உயரம் மட்டுமல்ல, எண்ணிக்கையும் மாறும் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. பாய் உயரங்கள் ஏறக்குறைய அடுக்குக்குறிப் பரவலில் அமைவதால் சின்ன வரப்புகளே ஏராளம். வரம்பைச் சற்று இறக்கினாலே எண்ணிக்கை குதித்துவிடும், சராசரி உயரம் விழுந்துவிடும். வரம்பைச் சொல்லாத சராசரிக்கு மதிப்பில்லை.

ஒரே கோட்டில் ஓடும் லேசர் அளவோடு படத்தின் அளவை ஒப்பிடும்போது இன்னொரு திருத்தம். வரப்புகள் எல்லாத் திசைகளிலும் சமமாகக் கிடந்தால், ஒரு கிலோமீட்டர் கோட்டில் குறுக்கிடும் வரப்புகளின் எண்ணிக்கையை 1.57ஆல், அதாவது பை-யில் பாதியால் பெருக்கினால், ஒரு சதுர கிலோமீட்டரில் உள்ள வரப்பின் மொத்த நீளம் கிலோமீட்டரில் கிடைக்கும். படத்தில் அந்த நீளத்தை நேராகவே அளக்கலாம். உயரமும் அப்படியே ஒப்பிடத்தக்கதல்ல. லேசர் வரப்பை எங்கோ ஓரிடத்தில் வெட்டிக் கடக்கிறது. நிழலோ ஊர்க்கூட்டத்தில் உரத்த குரல் மட்டும் கேட்பதுபோல, பக்கத்துக் கட்டிகளில் உயரமானதையே பதிவுசெய்கிறது. ஒரே தளத்திலிருந்து எண்ணினால் நிழலின் எண் சற்று மேலேயே நிற்கும். ஐஸ்சாட்-2இன் ஒளித்தடம், அதாவது அதன் லேசர் பனியில் விழும் வட்டம், சுமார் 11 மீட்டர் அகலம் என்பதால் அதில் கூர்மையான உச்சி இன்னும் தேய்ந்துபோகும். அதைச் சரிபார்க்கத்தான் விமானப் படங்கள் இன்றும் தேவைப்படுகின்றன.

சமதளமும் நீர்மட்டமும்

நிழல் விழுவது வெண்பனியின்மேல். ஆகவே அது சொல்வது சுற்றியுள்ள வெண்பனிக்கு மேலான உயரம். லைடார் அளவுகள் பெரும்பாலும் பக்கத்து நீர்ப்பிளவிலிருந்து எண்ணப்படுகின்றன. 1.5 மீட்டர் தடிமனான சமதளப் பனி, அதன்மேல் 20 செ.மீ. வெண்பனி என்றால் மேற்பரப்பு நீர்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 30 செ.மீ. மேலே மிதக்கும். இரண்டு முறையும் பிழையில்லாமல் செய்தாலும் முடிவுகள் 30 செ.மீ. விலகும். கீலைக் கணிக்கும்போது இது பெருகுகிறது. முதலாண்டு வரப்புகளில் கீல் ஆழத்துக்கும் பாய் உயரத்துக்கும் உள்ள விகிதம் சராசரியாக 4.4, பல்லாண்டு வரப்புகளில் 3.3. இரண்டும் நீர்மட்டத்திலிருந்து எண்ணியவை. நிழல் தந்த 1.8 மீட்டரை நேரே 4.4ஆல் பெருக்கினால் கீல் 7.9 மீட்டர், 30 செ.மீ. சேர்த்துப் பெருக்கினால் 9.2. அதுவும் சராசரிதான், தனி ஒரு வரப்பு அந்த விகிதத்தை மதிக்க வேண்டிய கட்டாயமில்லை. நூற்றுக்கணக்கான வரப்புகளின் தொகுப்புக்கு மட்டும் பயன்படுத்துங்கள். முதலாண்டா, பல்லாண்டா என்பதைப் படமே பெரும்பாலும் சொல்லிவிடும்: முதலாண்டு வரப்பில் கட்டிகள் விளிம்பு கூராகத் தனித்தனியே தெரியும், ஒரு கோடையைத் தாண்டியது உருகி மழுங்கி மொத்தையாகக் கிடக்கும்.

அண்டார்டிகாவில் இந்தச் சங்கிலியை அப்படியே கொண்டுபோக முடியாது. அங்கே வெண்பனி அதிகம். வரப்பின் இருபுறமும் காற்று அதைக் குவித்து நிரப்பிவிடும். பனியின் மேற்பரப்பே எடை தாங்காமல் நீர்மட்டத்துக்குக் கீழே போய், கடல்நீர் ஏறி, வெண்பனியோடு உறைந்திருப்பதும் சகஜம். நிழலின் முனை விழுவது சமதளத்தில் அல்ல, குவிந்த பனிச்சரிவில். முனை விழும் இடம் 40 செ.மீ. மேடானால் பாயும் 40 செ.மீ. குட்டையாகத் தெரியும். வெண்பனியின் தடிமனைக் காட்டும் ரேடாரோ, நேரில் துளையிட்டு எடுத்த அளவோ கூட இல்லாதபோது, கிடைத்த எண்ணை ‘வெண்பனிப் பரப்புக்கு மேல்’ என்ற தலைப்பிலேயே எழுதிவைத்து, கீல் ஆழத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள்.